ஹெட்டியும் கடைசிப் பக்கமும்

ஹெட்டி ஆக்ராய்டுக்கு எதையும் முடிவிலிருந்து ஆரம்பித்தால்தான் நிம்மதி. இருபத்தெட்டு வருஷம் பேருந்து நடத்துநராக இருந்தவள். வண்டி பாலத்தைத் தாண்டும்போதே "சந்தை வந்தாச்சு, இறங்குங்க!" என்று கத்திவிடுவாள். ஸ்டான்லி கல்யாணப் பேச்சை எடுக்கலாமென்று கோட்டுப் பையில் மோதிரத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோதே, "சரி, ஜூன் மாசம் வச்சுக்கலாம்" என்றவள். புத்தகத்தை மட்டும் விடுவாளா? முதலில் கடைசிப் பக்கம், அப்புறம்தான் முதல் பக்கம். அதோடு நின்றாலாவது பரவாயில்லை. படித்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் எட்டுப் பேர். வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சிற்றாலயத்தின் பின்னறையில் கூடுவோம். புத்தகம் ஒன்றுதான். வாரம் ஒருவர் வீட்டுக்கு அது போகும். கொண்டுபோனவர் அடுத்த வாரம் கேக்கோடு வந்து உரக்கப் படிக்க வேண்டும். கதையின் போக்குக்கு ஏற்ற தேநீரைத் தீர்மானிப்பது மட்டும் தலைவி மிஸஸ் ஹோல்ராய்டின் அதிகாரம். காதல் என்றால் பால் சேர்க்காத டார்ஜிலிங். குடும்பச் சண்டைக்குக் கரண்டி நிற்கிற மாதிரி கெட்டியான அசாம். பிணம் விழுந்தால் புகை வாசம் அடிக்கும் சீனத் தேயிலை. அதை முதல் தடவை குடித்தபோது, யாரோ பன்றி இறைச்சி வறுத்த சட்டியைக் கழுவி ஊற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். இப்போது அது இல்லாமல் எனக்குக் கொலையே ருசிப்பதில்லை.

அந்த செப்டம்பரில்தான் வினை வந்தது. இரண்டாம் அத்தியாயம்கூட முடியவில்லை, "அந்த மாமா சாகல, ஆஸ்திரேலியாவுல இருக்கான்" என்று ஹெட்டி போட்டு உடைத்தாள். மிஸஸ் ஹோல்ராய்ட் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை முடிவச் சொன்னீங்கன்னா, இந்த வட்டத்துல உங்களுக்கு நாற்காலி கிடையாது மிஸஸ் ஆக்ராய்ட்."

அடுப்போரம் இருந்தது அந்த நாற்காலி. ஸ்டான்லி போன பிறகு ஹெட்டியின் வாரம் முழுக்க அதை நோக்கித்தான் ஓடியது. அவள் முகம் செத்துப்போனது. "இனிமே சொல்ல மாட்டேன்" என்றாள். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

அக்டோபருக்கு ஒரு துப்பறியும் கதை. சிற்றாலய விற்பனையில் மிஸஸ் ஹோல்ராய்ட் வாங்கிய பழைய புத்தகம். அட்டையே இல்லை, வேறெங்கும் கிடைக்கவும் கிடைக்காது. பண்ணையார் ஒருவருக்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். நான்கு வாரமும் புகைத் தேநீர்தான். "டாக்டர்தான்டி கொன்னது" என்று எங்கள் வட்டத்து ஐவி சொன்னால் ஹெட்டி இஞ்சிக் கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். "தோட்டக்காரன்" என்று நான் சொன்னால் எலுமிச்சைக் கேக். இவளுக்கு என்ன இப்படி ஒரு பசி என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

கடைசி வியாழன் மிஸஸ் ஹோல்ராய்டே படித்தார். துப்பறிபவர் கதவைச் சாத்துகிறார், எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்க்கிறார், "விஷம் வைத்தவர்" என்று ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான். மிஸஸ் ஹோல்ராய்ட் புத்தகத்தை மூடிவிட்டார்.

"கடைசித் தாள் இல்ல," என்றார். "புத்தகம் மிஸஸ் ஆக்ராய்ட் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான் வெட்டி எடுத்து வச்சேன். அவங்க பாத்துடக் கூடாதுன்னு. நானும் படிக்கல, சத்தியமா. இன்னைக்குக் காலைல எங்க வீட்டுக்காரர் ஆர்தர் அத வச்சு அடுப்பு மூட்டிட்டாரு."

அறையே கொந்தளித்தது. "புத்தகத்தையா வெட்டினீங்க? நீங்களா?" என்று ஐவி எழுந்தேவிட்டாள். நான்கு வாரம் காத்திருந்த வயிற்றெரிச்சல் எனக்கும் குறைவில்லை. அந்தச் சத்தத்தில் ஹெட்டி மட்டும் பழக் கேக்கின் பெரிய துண்டாகப் பார்த்து வாய்க்குள் அடைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஹெட்டி! உனக்குத் தெரியும், இல்ல?"

நிதானமாக மென்று விழுங்கினாள். "விற்பனை அன்னைக்குப் புத்தக மேசைல நின்னது யாரு? ஒரே மழை, ஒரு ஈ காக்கா வரல. மேசைல இருந்த அத்தனை புத்தகத்துக்கும் கடைசிப் பக்கம் படிச்சுட்டேன்."

"நாலு வாரமா தெரிஞ்சுமா வாயத் திறக்கல?"

"என் பாவாடையப் பாரு. கொக்கிய ரெண்டு தடவ தள்ளித் தச்சாச்சு."

"சொல்லித் தொலையேன்டி!" என்று ஐவி கத்தினாள்.

"சொன்னா என் நாற்காலி போயிடும்."

மற்ற ஆறு பேரும் தலைவியைப் பார்த்தோம். மிஸஸ் ஹோல்ராய்ட் கழுத்துவரை சிவந்து போனார். கெண்டியை எடுத்து ஹெட்டியின் கோப்பையை நிரப்பினார். தட்டிலும் கொஞ்சம் சிந்தியது.

"அது உங்க நாற்காலி. இனிமே எப்பவும்."

"என்ன சொன்னாலும்?"

"என்ன சொன்னாலும்."

ஹெட்டி பேருந்தில் நிற்பதுபோல் காலை அகட்டி நின்று, அந்தப் பக்கத்தை முழுசாக ஒப்பித்தாள். ஐவி மூன்று வாரமாகப் பாவப்பட்டுக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த, பண்ணையாரின் விதவைத் தங்கைதான் விஷம் வைத்தவளாம். நாங்கள் போட்ட கூச்சலில் பாதிரியார் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். ஹெட்டியை நான் கட்டிக்கொண்டேன். அவ்வளவு பெருமையாக இருந்தது அவளை நினைத்தால்.

சந்தோஷம் அடங்கியதும் மிஸஸ் ஹோல்ராய்ட் பையிலிருந்து நவம்பர் மாதப் புத்தகத்தை எடுத்தார். அதுவும் அதே விற்பனையில் வாங்கியதுதான்.

"காதல் கதை," என்றார். "டார்ஜிலிங் போடலாம்னு இருக்கேன்."

"அசாமே போடுங்க," என்றாள் ஹெட்டி, தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "அந்தக் கல்யாணம் நடக்காது."

மிஸஸ் ஹோல்ராய்ட் கத்தியை எடுத்துப் பழக் கேக்கில் இன்னொரு துண்டு, பெரியதாகவே, வெட்டி ஹெட்டியின் தட்டில் வைத்தார்.