மருதுவின் ஒரே சட்டை

கறுத்த தோலை வெயில் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள், சித்திரை மாதம் கீழக்குயில்குடியில் ஒரு பகல் பருத்தி எடுத்துப் பார்க்கட்டும். சமணமலைப் பாறை வெயிலை வாங்கிப் பருத்திக் காட்டின் மேல் திருப்பி அடிக்கும். எங்கள் பெண்கள் ரவிக்கை போடாத காலம் அது. குனிந்த முதுகு கொப்பளித்து உரியும். உரிந்த இடமே மறுநாளும் வேகும்.

தங்கப்பொண்ணு ஒருநாள் தன் புருஷன் மருதுவின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். திருவிழாவுக்கென்று அவன் வைத்திருந்த ஒரே சட்டை. தலையில் துண்டும் கட்டியிருந்தாள்.

நிலத்துக்காரர் குடை பிடித்தபடி வரப்பில் வந்து நின்றார். அவரைக் கண்டதும் கூலியாட்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட வேண்டும். எல்லாரும் அவிழ்த்தார்கள். அவள் மட்டும் அவிழ்க்கவில்லை.

"துண்டை எடுடி! சட்டையவும் கழட்டு! அம்புட்டுத் திமிரா ஒனக்கு?"

தங்கப்பொண்ணு பருத்தி எடுப்பதை நிறுத்தவில்லை.

"கழட்டுறேன் சாமி. நீங்களும் குடைய மடக்கி வச்சுட்டு, சட்டையக் கழட்டிட்டு வந்து குனிங்க. பொழுது சாயுற வரைக்கும் சேந்தே எடுப்போம்."

"நாளைக்கு நீ இந்தக் காட்டுல கால் வைக்கக்கூடாது" என்று கத்திவிட்டுப் போனார்.

மறுநாளும் வந்தாள். அவளோடு வந்த பெண்கள் அத்தனை பேரும் சட்டை போட்டிருந்தார்கள். பருத்தி வெடித்துக் கிடந்தது. எல்லாரையும் விரட்டிவிட்டு அவரா குனிந்து எடுப்பார்? வரப்பு வரை வந்தவர் குடையோடு திரும்பிப் போய்விட்டார்.

அன்று ஊருக்குள் வெற்றுடம்போடு திரிந்தது ஆண்கள்தான். என் சட்டையும் காட்டில்தான் இருந்தது.