சட்டைப்பையில் கிடந்த கட்டைவிரல்

என் வீட்டுக்காரர் இளம்பரிதி சந்தேகப்படக்கூடிய ஆளே இல்லை என்றுதான் பத்து வருஷமாக நினைத்திருந்தேன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரை ஊமை என்றே நினைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் திடீரென்று போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்ப் பேசினால்? அதுவும் சிரித்துச் சிரித்து! "உள்ள யாரு கிட்டங்க பேசுறீங்க?" என்றால் "யாருமில்லியே" என்பார். எனக்கு வயிறு எரிந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

துவைக்கும்போது சட்டைப்பையைத் துழாவினேன். சின்னதாக ஒரு சிவப்புப் பட்டுத்துணி. எவளுடையதோ! கூடவே பிளாஸ்டிக்கில் ஒரு கட்டைவிரல், நகத்தோடு. அடக் கடவுளே, கள்ளக் கைநாட்டா, செய்வினையா? கேட்டால் மழுப்புவார். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கை நிர்மலாவின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நிர்மலாவின் மூத்த பையனுக்குக் குத்தும்போது கூட்டத்தையும் வீடியோ லைட்டையும் பார்த்து மண்டபத்தை விட்டே ஓடியவர் இவர். "இந்த வாட்டியும் ஓடுனீன்னா எனக்கு அண்ணனே கெடையாது" என்று நிர்மலா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

மணையில் உட்கார்ந்தார். கண் வாசல் பக்கமே போனது. போச்சுடா என்று நினைத்தேன். பத்தர் ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டாள். இவர் சட்டைப்பைக்குள் கைவிட்டார். இத்தனை பேர் முன்னாலா அந்தச் சனியனை எடுக்கிறார்?

"பாப்பா, இங்க பாரு. மாமன் கையில என்னா இருக்குது?"

சிவப்புத் துணியை மூடிய கைக்குள் திணித்தார். விரித்தார். காணோம்! குழந்தை வாயைப் பிளந்துகொண்டு தேடுவதற்குள் பத்தர் ஒரு காதைக் குத்திவிட்டார். அவள் அழ வாயெடுத்தாள். துணி பத்தரின் காதோரத்திலிருந்து வந்தது. மண்டபமே சிரித்தது. "இன்னொரு வாட்டி மாமா" என்றாள். அடுத்த காதும் முடிந்தது.

நிர்மலா அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போனில் வீடியோ பார்த்து, குழந்தையிடம் பேசுவதுபோலவே பேசிச் சிரித்து அவர் பாத்ரூமில் பழகியது இந்த வித்தையைத்தானாம். துணி ஒளிந்தது கட்டைவிரலில் மாட்டியிருந்த பொய் விரலுக்குள்ளாம்.

எனக்கும் பெருமை தாங்கவில்லை. அதற்காக விட்டுவிடுவேனா? ஓரமாக இழுத்துப் போனேன்.

"வெரலு சரி. அந்தப் பட்டுத்துணி எவளோடது?"

"ஒன்னோடதுதான் செல்வி. ஒனக்குப் பத்தாமப் போச்சே, முகூர்த்த ஜாக்கெட்டு. கடைத்துணிய வெச்சுச் செஞ்சா கீழ கீழ போட்டுட்டேன். இது இருந்தா நீ பக்கத்துல இருக்கறாப்ல இருந்துச்சு."

என் கல்யாண ஜாக்கெட்டை வெட்டியிருக்கிறார், பாவி மனுஷன்! முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அப்புறம் அந்தத் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.