கப்பல் கோழியின் குஞ்சுகள்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம். அங்கே கிடங்கைப் பார்த்துக்கொண்ட துரையின் மனைவி, ஜாவாவிலிருந்து கப்பலில் வந்த கோழிகளை வளர்த்தாள். நெட்டைக் கால், தலையோடு ஒட்டிய குட்டைக் கொண்டை. முட்டையிடும், அடை உட்காராது. ஏரிக்குள் இருக்கும் எங்கள் ஊர் பசியாவரத்தில் என்னிடம் இருந்த பெட்டையோ கல்லை வைத்தாலும் அடைகாக்கும். இதை யார் போய்ச் சொன்னார்களோ, ஒருநாள் கோட்டைப் படகில் ஒரு வேலைக்காரப் பெண் ஒன்பது முட்டைகளோடு வந்து இறங்கினாள். ஒவ்வொன்றிலும் கரிக்கோடு போட்டிருந்தது.

"தொரசானி அடை வெக்கச் சொன்னாங்கக்கா. நீ முடியாதுன்னா அடி எனக்குத்தான்."

மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. அந்த வருஷம் என் புருஷன் காய்ச்சலில் விழுவதும் எழுவதுமாக இருந்தார். விடிந்ததும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரிச் சேற்றில் இறால் தடவப் போவேன். உச்சி சாய்ந்து திரும்பும்போது முதுகு நிமிராது. என் முட்டைகள் ஐந்தையும் அவளுடைய ஒன்பதையும் ஒன்றாகவே கோழிக்கு அடியில் வைத்தேன்.

பொரிக்கும்போது பக்கத்தில் இருந்து பிரித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நடக்கவில்லை. ஏரியிலிருந்து வந்து பார்த்தால் பதினொரு குஞ்சுகள் காய்ந்து ஓடிக்கொண்டிருந்தன. உடைந்த ஓடுகளைப் பொறுக்கிச் சேர்த்தேன். கரி போட்டவை ஏழு, போடாதவை நான்கு. எந்தக் குஞ்சு எந்த ஓட்டிலிருந்து வந்தது என்பதற்கு மட்டும் சாட்சி இல்லை. எல்லாம் ஒரே மஞ்சள் பஞ்சு.

மறுவாரம் வந்தவள் அதைக் கேட்டு முகம் வெளுத்துப்போனாள். பிறகு பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வாரம் போவட்டும்க்கா. நாட்டுக் குஞ்சுக்கு றெக்கை சீக்கிரம் மொளைக்கும். கப்பல் குஞ்சுங்க மொட்டையாவே திரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாட்டுக் கோழி எங்க வூட்லயும் இருந்திச்சி. பஞ்சத்துல நைனா என்னைக் கோட்டைக்கு வித்துட்டாரு. கப்பல் கோழிய அங்க வந்துதான் பாத்தேன்."

அழவில்லை. சொல்லிவிட்டு ஒரு குஞ்சின் காலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறால் தலைகளை நசுக்கிக் குஞ்சுகளுக்குப் போட்டேன்.

அவள் சொன்னது போலவே சிலவற்றுக்கு இறக்கை வந்தது, சில மொட்டையாக நின்றன. இதற்குள் ஒன்றைப் பருந்து தூக்கிற்று. வெள்ளைக் கழிச்சலில் இரண்டு செத்தன. மிஞ்சிய எட்டில் ஐந்து கப்பல் கோழி என்பது நன்றாகத் தெரிந்தது. இரண்டு நாட்டுக்கோழி. கடைசி ஒன்றில்தான் குழப்பம்: உயரமான கால், ஆனால் இறக்கை சீக்கிரம் வந்திருந்தது. நல்ல வாளிப்பான பெட்டைக்குஞ்சு. அதை எப்படியும் விடக்கூடாது என்று நான் தீர்மானித்திருந்தேன்.

இரண்டாம் மாதம் கொண்டுபோக வந்தாள்.

"அது என்னுது. இன்னா சொன்னாலும் தரமாட்டேன்," என்றேன், அவள் வாய் திறக்கும் முன்பே.

அவள் அதைப் பிடித்து மடியில் வைத்து, கொண்டையை விரலால் தடவினாள். ரம்பப் பல் போல ஒற்றை வரிசை எழுந்துகொண்டிருந்தது.

"உன்னுதுதான்க்கா. கால்தான் நெட்டை. கொண்டை நம்மூர் கொண்டை."

ஆறாவதாக அதையும் கூடையில் போட்டிருந்தால் துரைசானியிடம் அவளுக்குக் கொஞ்சம் பேச்சு குறைந்திருக்கும். எனக்கும் அது தெரியும். அவள் ஐந்தோடு படகேறினாள். நான் பெட்டையைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்த முறை வந்தபோது அவள் இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

"நான் பெட்டையைத் தந்துடறேன், எடுத்துனு போ."

"இப்போ குடுத்தா நீ ஒளிச்சி வெச்சதா ஆயிடும்க்கா. உட்டுடு."

விட்டுவிட்டேன். அவள் சொன்னது நியாயமாகவும் இருந்தது, எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

அதன் பிறகு அவள் வரவில்லை. கடலில் கப்பல் நின்றது, அக்கரைச் சீமையில் விற்க ஆட்களைக் கயிறு கட்டிப் படகில் ஏற்றினார்கள் என்று கோட்டைக்கு மீன் கொண்டுபோய் வந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் ஏரிக்குப் போனேன். குனிந்தால் கை இறாலைத் தேடவில்லை, சும்மா சேற்றில் கிடந்தது. மூன்றாம் நாள் பெட்டையைக் கூடையில் போட்டுக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போனேன். எதற்காக அதைக் கொண்டுபோனேன் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

வாசல் காவலாள் நம் ஊர்க்காரன்தான்.

"கிடங்கு தொர வூட்டுப் பொண்ணு ஒண்ணு. கப்பல்ல ஏத்திட்டாங்களா?"

"அந்த வூட்ல ரெண்டு மூணு போயிருக்குது. பேரு இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் என் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு குஞ்சையும் தனித்தனியாக அடையாளம் சொன்னவள். ஒருநாளும் நான் கேட்டதில்லை. நெற்றியில் ஒரு தழும்பு உண்டு, சின்ன உருவம் என்றேன். "எல்லாம் சின்ன உருவம்தான்," என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த ஆளைப் பார்த்தான்.

படகு புறப்பட இன்னும் நேரமிருந்தது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. ஏரியில் தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது, இறால் தடவும் நேரம்; வீட்டில் கஞ்சி வைக்க வேண்டும், மருந்து அரைக்க வேண்டும். படகுக்காரன் கூப்பிட்டதும் கூடையோடு எழுந்து ஏறினேன்.