தங்கையின் ரிப்போர்ட்டில் சிவப்பு எண்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக ஊசி குத்துகிறேன். எப்பேர்ப்பட்ட கையிலும் நரம்பைத் தேடிப் பிடித்துவிடுவேன். என் தங்கை கையில் தேடவே வேண்டாம். அதுகூட எடுப்பாகத் தெரியும். நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளை பெற்றவள், தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறாள். நானோ மாடிப்படி ஏறினாலே புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்குகிறேன். வயிறு எரியாதா? எரிந்தது. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

போன மாதம் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "ஓடும்போது தாடை லேசா வலிக்குதுக்கா."

"பல்லுல ஏதாவது இருக்கும். உனக்கென்னடி, குதிரை மாதிரி இருக்கே" என்றேன்.

அவள் விடவில்லை. எங்கள் அப்பா நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனவர். பரம்பரையாக வரும் கொழுப்பு ஒன்று உண்டு. சாதாரண கொலஸ்ட்ரால் பரிசோதனையில் அது தனியாகத் தெரியாது. ஓடினாலும் பட்டினி கிடந்தாலும் இறங்காது. "அதையும் பார்த்துடலாம். நீயும் குத்திக்கோ, இல்லேன்னா எனக்கும் வேணாம்" என்று அடம் பிடித்தாள். தன் நம்பரைக் காட்டி என்னை மட்டம் தட்டத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குப் பட்டது. கறுவிக்கொண்டே கையை நீட்டினேன்.

முடிவுகள் மறுநாள் மதியம் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாவற்றிலும் மகராசி அவளே ஜெயித்திருந்தாள். கடைசி வரியில் அந்தப் பரம்பரைக் கொழுப்பு. எனக்குச் சரியான அளவு. அவளுக்கு இருக்க வேண்டியதைப்போல நாலு மடங்கு, சிவப்பு எழுத்தில்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். ஒன்றிலாவது அவளை முந்தினேனே! அப்புறம்தான் தாடைவலி ஞாபகம் வந்தது. ஓடும்போது வரும் தாடைவலி இதயத்தின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பல் என்று சொல்லித் தட்டிக்கழித்தவள் நான்தானே?

உடனே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "இனிமே ஓடாதே. இன்னைக்கே இதய டாக்டரைப் பார்க்கணும்."

"உனக்கு எவ்வளவுக்கா?"

"எனக்குச் சரியா இருக்கு."

"அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டாள். "படியேறினா உனக்கு மூச்சு வாங்குதேன்னு பயந்துதான் உன்னையும் இழுத்தேன்."

"கிளம்பி நில்லு, வண்டியோட வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். வண்டியில் ஏறிய பிறகும் வயிறு எரிந்தது, இப்படி ஒரு மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்று.