திருப்பி வைத்த கல்

மாதுங்காவில் ஒரு பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள். தூசியோடு வந்த சிமெண்டு வாசனை, உலக யுத்தம் முடிந்த வருஷங்களின் தாராவிக்கு, எங்கள் மண்தரைக் குடிசைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே தகரப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, கட்டம் போட்ட தாளில், பென்சிலை எச்சில் தொட்டுத் தொட்டு, மாதுங்கா வீடுகளின் தரைக்கற்களுக்கு என் ஐயா பூ வரைந்துகொண்டிருப்பார். கல்லுக்கு ஓர் இதழ், நாலு கல் சேர்ந்தால்தான் பூ என்று சொல்லிக்கொண்டே கல் வார்க்கும் சிமெண்டில் வர்ணம் குழைப்பார், அந்தச் செங்காவி அவர் நகக்கண்ணை விட்டுப் போனதே இல்லை.

ஒரு வீடு முடிந்ததும், தன் பூவைக் காட்ட என்னைக் கூட்டிப்போனார். வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"அங்கேயே நின்னு பாரு. உள்ளே வரப்படாது."

எட்டிப் பார்த்த ஐயாவின் முகம் செத்துப்போனது. கூடத்தின் நடுவில் ஒரு கல்லைக் கொத்தனார் திருப்பிப் பதித்திருந்தார். மூன்று இதழ்கள் கூடி நிற்க, நாலாவது சுவரைப் பார்த்தது.

"ஒரு கல்லு திரும்பிட்டும்மா. பேத்துச் சரியா வச்சிருதேன்."

"நன்னாத்தானே இருக்கு? போ, போ."

 அதன்பிறகு ஐயா எந்தப் பூவையும் எனக்குக் காட்டவில்லை.

அந்தக் கட்டடம்தான் இது. இன்று வாசலில் கதவும் இல்லை, தடுக்க ஆளும் இல்லை. செருப்புக் காலோடு உள்ளே போனேன். இத்தனை வருஷம் பெருக்கி, துடைத்து, நடந்து தேய்ந்த தரையில், அந்த இதழ் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.