அவருக்குத் தெரியாத கதவு

போர்வையைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். யூனிட்டம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள், அவள் கணவர் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். ஆளுக்கொரு பக்கமாக முறுக்க முறுக்க, போர்வை இருவருக்கும் நடுவில் கயிறாகித் தண்ணீரைக் கொட்டும். மகள் பெயர், சாப்பிட்டோமா இல்லையா, இது யார் வீடு என்று ஒவ்வொன்றாக அவர் தலையிலிருந்து கழன்று போய்விட்டது. இந்த வேலை மட்டும் கையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது.

"இன்னொரு முறுக்கு போடுங்க," என்பாள் அவள்.

"போதும்மா, போர்வை அழுதுரும்," என்பார் அவர்.

சிரித்துக்கொண்டே கொடிப் பக்கம் திரும்பிப் போர்வையை உதறிப் போட்டு, ஓரத்தை இழுத்து நேராக்குவாள். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார்.

அவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கு எடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை தெருத் தெருவாக, வீடு வீடாக நடந்தவர். இரும்புக் கதவு, கம்பிக் கதவு, சங்கிலி மாட்டியது, உள்பக்கமாகக் கொக்கி போட்டது, செங்கல்லை முட்டுக் கொடுத்தது என்று அவர் கை நுழைந்து திறக்காத கதவு அந்த வட்டாரத்தில் கிடையாது. ஊரே அவரை யூனிட் சார் என்றது. அதனால் அவள் யூனிட்டம்மா. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்கார அம்மா கடிப்பார் என்று சாயங்காலம் வந்து கதை சொல்வார். லீவு நாளில்கூட மத்தியானத்துக்கு மேல் வீடு தங்க மாட்டார்.

"ஒரு நாளாவது உங்க கால் வீட்ல பாவுதா?" என்று அந்தக் காலத்தில் அவள் எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறாள்.

பின்முற்றத்துக்கு அப்பால் நாலைந்து வீடுகளுக்குப் பொதுவான ஒரு சந்து. யாரும் அதில் கேட் போட விடமாட்டார்கள். சந்தைத் தாண்டினால் லாரி போகும் ரோடு. முன்வாசல் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. யூனிட் சார் அந்த வழியாகப் போய், ஏதாவது ஒரு வீட்டுக்குள் நுழைந்து, சுவரை அண்ணாந்து பார்த்து, "என்ன இவ்வளவு ஓடியிருக்கு? ராத்திரியெல்லாம் லைட்ட எரிய விடுறீங்களா?" என்று அதட்டுவார். தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவளுக்கு போன் செய்வார்கள். ஆனால் போன மாதம் நுழைந்தது புதிதாகக் குடிவந்தவர்கள் வீடு. உள்ளே அந்தப் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் இவரைச் சட்டையோடு பிடித்துத் தள்ளியதில், படியில் விழுந்து புருவம் கிழிந்துவிட்டது.

"அடுத்த தடவ போலீஸ்தான். வயசானவர்னெல்லாம் பாக்க மாட்டேன்," என்றான் அவன். யூனிட்டம்மா ரத்தத்தை முந்தானையால் அழுத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

பின்கதவுக்குப் பூட்டுப் போட்டாள். அது இன்னும் மோசம். "நான் என்ன திருடனா? டூட்டிக்கு நேரமாச்சு, திற!" என்று அவர் இரண்டு கையாலும் கதவைக் குத்தினார். சாயங்காலத்துக்குள் விரல்கள் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போயிற்று. துவைக்கிற தண்ணீர் பட்டுப் பட்டு அடிப்பலகை ஏற்கெனவே உளுத்திருந்த கதவு, அவர் உதைத்த உதையில் பிளந்துகொண்டது.

"கண்ணாடிக் கதவு போட்டுரலாம்மா," என்றாள் மகள் போனில். "வெளிய தெரிஞ்சா அப்பா அடங்கி உக்காருவாரு. மூடி வச்சாத்தான் அவருக்கு மூச்சு முட்டுது." சொன்னதோடு நிற்காமல் லீவு போட்டுவிட்டு வந்தும் சேர்ந்தாள்.

அவரை விட்டுவிட்டுப் போக வீட்டில் வேறு ஆள் இல்லை. மூவருமாகத்தான் கடைக்குப் போனார்கள். அது கதவுகளுக்கென்றே கட்டின கடை. நிலையோடு கதவுகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எதைத் திறந்தாலும் பின்னால் வெறும் சுவர். டை கட்டிய விற்பனைக்காரர் முன்னால் வந்து, "டஃபன்டு கிளாஸ்ம்மா. கல்லால அடிச்சாலும் லேசுல உடையாது," என்று முட்டியால் தட்டிக் காட்டினார்.

"வெள்ளை ஃப்ரேமா, கருப்பா? நிறத்த முதல்ல முடிவு பண்ணுங்க."

"கருப்புதான் எடுப்பா இருக்கும்," என்றாள் மகள். "அழுக்கும் தெரியாது. ஏம்மா, நீ என்ன சொல்ற?"

யூனிட்டம்மா அவர்கள் பக்கமே பார்க்கவில்லை. அவள் கண் கணவர் மேல் இருந்தது. அவர் முதல் கதவுக்குப் போய்விட்டார். கீலில் திறக்கும் சாதாரணக் கண்ணாடிக் கதவு. கைப்பிடியைக் கீழே அழுத்தி, ஒரு தள்ளு. "கரன்ட் கணக்கு!" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே காலை வைத்தார். முன்னால் சுவர். அண்ணாந்து தேடினார்.

"மெயின எங்க வச்சிருக்கீங்க?"

விற்பனைக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இது மடக்குக் கதவு," என்று அடுத்ததைக் காட்டினாள் மகள். "பாரும்மா, மொத்தமா ஒரு ஓரத்துல ஒதுங்கிரும். முற்றம் முழுக்க வீட்டுக்குள்ள வந்த மாதிரி. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு."

"அப்பாவக் கூப்பிடு," என்றாள் யூனிட்டம்மா.

"அவரு எதுக்கும்மா?"

"கூப்பிடேன்."

மடக்குக் கதவுக்குக் கீழே ஒரு தாழ்ப்பாள், மேலே ஒரு தாழ்ப்பாள். யூனிட் சார் கீழே குனியக்கூட இல்லை. செருப்புக் காலாலேயே அடித்தாழ்ப்பாளை நெம்பினார், மேல் தாழ்ப்பாளைக் கையால் இழுத்தார். கதவு அவருக்கு அடங்கி ஒதுங்கியது. "நாய் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைந்தார்.

"பரவால்லயே சார், எங்க ஆளுங்களவிட வேகம்," என்றார் டைக்காரர். அவரை மகிழ்விக்கத்தான் சொன்னார். யூனிட்டம்மா அடுத்த கதவைத் தேடி நகர்ந்தாள்.

மூன்றாவது, பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் கதவு. கைப்பிடியே இல்லை. சட்டத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம், அதற்குள் ஒரு சின்ன விசை. அதை அழுத்திக்கொண்டே ஓரமாகத் தள்ள வேண்டும்.

"தண்ணி மேல போற மாதிரி போகும்மா. குழந்தைகூட ஒத்த விரலால திறந்துரும்," என்றார் டைக்காரர்.

யூனிட் சார் அதன் முன்னால் போய் நின்றார். மார்பளவில் கைப்பிடியைத் தேடினார், இல்லை. காலால் கீழே தடவினார், இல்லை. உள்ளங்கையால் தள்ளினார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். விரல் இரண்டு முறை அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டே போயிற்று, நிற்கவில்லை. கடைசியில் இரண்டு கைகளையும் கண்ணாடியில் விரித்து வைத்தபடி நின்றுவிட்டார். கோபம் இல்லை. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்து விழிக்கும் பிள்ளையின் முகம். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா இது?"

அவள் கால் தானாக ஒரு அடி முன்னால் போயிற்று. பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

மகள்தான் ஓடினாள். "இதோப்பா, இங்க விரல வச்சு..."

"அவருக்குக் காட்டாத!"

கடையில் வேறு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் கையை எடுத்துக்கொண்டாள். அம்மாவை, அப்பாவை, மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எதைத் தேடி இந்தக் கடைக்கு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் மகளுக்குப் பிடிபட்டது.

"அம்மா... பாவம்மா."

"பூட்டினா கைய உடைச்சுக்குறாரு. பூட்டலேன்னா எவன் கையிலயாவது அடி வாங்குறாரு, இல்ல லாரியில போய் விழுவாரு. நீ நாளன்னிக்கு பஸ் ஏறிருவ. வேற வழி இருந்தா சொல்லிட்டுப் போ."

மாதிரிக்கு வைத்திருந்த கருப்பு ஃப்ரேம் துண்டை மகள் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதையே போட்ருங்க," என்றாள் யூனிட்டம்மா டைக்காரரிடம். "நிறம் எதுன்னாலும் சரி."

கதவு வந்தது. இருட்டிக் கிடந்த பின்னறைக்கு வெளிச்சம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்து, "என்னம்மா, வீடு பங்களா ஆயிருச்சு!" என்று கேலி செய்தாள். யூனிட் சார் மோதிக்கொள்ளாமல் இருக்க, கதவு மாட்ட வந்தவர்கள் கண்ணாடியில் குருவிப் படம் நாலு ஒட்டிவிட்டுப் போனார்கள். மகள் சொன்னது ஒரு வகையில் பலித்தது. அவர் கதவைக் குத்தவில்லை, கத்தவில்லை. நாற்காலியைக் கண்ணாடிக்கு அருகில் போட்டுக்கொண்டு, சந்தில் போகிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புருவத்துத் தையல் காய்ந்தது. யாரும் போன் செய்யவில்லை.

யூனிட்டம்மா புதிதாக ஒன்று பழகிக்கொண்டாள். வெளியே போகும்போது அவருக்கு முதுகைக் காட்டி, உடம்பால் மறைத்துக்கொண்டு அந்த விசையை அழுத்துவாள். சொந்த வீட்டில் திருட்டு வேலை செய்கிற மாதிரி இருக்கும். உள்ளே வரும்போதும் அப்படியே.

இப்போது போர்வையை அவள் தனியாகத்தான் பிழிகிறாள். ஒரு முனையைக் குழாயில் சுற்றிக் கட்டிவிட்டு, மறுமுனையை முறுக்குவாள். குழாய் பாதிக்கு மேல் ஒத்துழைக்காது. ஈரம் சொட்டச் சொட்டவே கொடிக்குப் போகும். அன்றும் அப்படி முறுக்கிக்கொண்டிருந்தவள், தற்செயலாக நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு குருவிகளுக்கு நடுவில், அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கைகள் காற்றில் எதையோ பிடித்து, ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தன.

கூப்பிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்கப்புறம் கொடிப் பக்கம் திரும்பத்தானே வேண்டும்?

போர்வையைப் போட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, தோளைச் சாய்த்து மறைத்துக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்து, மூடினாள். கதவு டைக்காரர் சொன்னபடியே சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

அவர் கிட்டே வந்தார். ஈரமாக இருந்த அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அறையில் வேறு யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ மட்டும் எப்படிம்மா வெளிய போற? எனக்கும் சொல்லிக் குடேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

யூனிட்டம்மா கையை மெதுவாக உருவிக்கொண்டாள். வாளியை எடுத்துக்கொண்டு, ஈரக் கால் தடம் தரையில் பதிய, சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.