கீல் ஆடிய கழுத்து

என் கொழுந்தனார் பெயிண்டர். இருபத்திரண்டு வருடமாக ஊரார் வீட்டுச் சீலிங்கை அண்ணாந்து பார்த்தே பிழைத்தவர். எங்கள் வீட்டுச் சீலிங் மட்டும் கறை பிடித்துக் கிடக்கிறது. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

கழுத்து பிடித்துக்கொண்டால் நேரே சலூனுக்குப் போவார். சலூன்காரர் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை, சடக்கென்று ஒரு திருப்பு. சொடக்குச் சத்தம் வாசலுக்குக் கேட்கும். "உசுரு வந்திருச்சு அண்ணி" என்று சிரித்துக்கொண்டே வருவார். அந்த உயிர் சாப்பாட்டு நேரம் வரை தாங்கினால் அதிகம்.

போன மார்கழிக்குப் பிறகு கை தகராறு செய்தது. ஒரு வீட்டில் பிரஷ் நழுவிச் சோபாவில் விழுந்த பிறகுதான், விரல் மரத்துப்போவதையே சொன்னார். கல்லுளிமங்கன். ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு நானும் டாக்டரிடம் போனேன்.

கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு தேய்ந்துவிட்டதாம். எலும்புகளை இழுத்துப் பிடிக்கும் நார் தளர்ந்து, ஓர் எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறதாம். அதற்குப் பின்னாலேயே கைகாலுக்குப் போகும் நரம்புத்தண்டு; அது நசுங்கித்தான் விரல் மரத்துப்போகிறதாம்.

"கழுத்துப் பட்டை போடுங்க, பயிற்சி செய்யுங்க. அண்ணாந்து வேலை கூடாது. கழுத்தை யாரும் திருப்பவே கூடாது. கை இன்னும் மோசமானா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர்.

நாலாம் நாள் பட்டை கட்டில்மேல் கிடந்தது. ஆளைக் காணோம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

சலூன் நாற்காலியில் சட்டையைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். தாடைக்குச் சலூன்காரர் கை போயாகிவிட்டது.

"கையை எடுப்பா!"

"எத்தனை வருஷமா எடுக்கிற சொடக்கு, அக்கா. இவன் கழுத்து எனக்குத் தெரியாதா?"

"வலி தாங்கலை அண்ணி. ஒரே ஒரு தடவை."

"கீல் ஆடுற கதவை ஓங்கிச் சாத்துவீங்களா தம்பி? அடுத்தவன் வீட்டுக் கதவுக்கு இருக்கிற மரியாதைகூட உங்க கழுத்துக்கு இல்லையா?"

சலூன்காரர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாளாகச் சட்டை திறந்தே கிடந்ததும், கேட்டால் புழுக்கம் என்றதும் அப்போதுதான் உறைத்தது.

"ஏப்பா, அவரைச் சட்டைப் பட்டனைப் போடச் சொல்லு. போட்டுட்டார்னா நீ தாராளமா திருப்பு. நான் போயிடறேன்."

முதல் பட்டன் ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளே போகவில்லை. இரண்டாவது, விரலிலேயே நிற்கவில்லை. "வேர்வை... வழுக்குது" என்றார். மூன்று பேரும் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சலூன்காரர் முன்னால் வந்து மண்டிபோட்டு, ஐந்து பட்டனையும் போட்டுவிட்டார்.

"என்னைக் கொலைகாரனாக்கவாடா இங்கே வந்தே?" என்றார்.

மூன்று மாதமாகிறது. காலையில் சமையலறை வாசலில் உட்கார்ந்து, நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாமல் அழுத்துகிறார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே நான் எண்ணுகிறேன். சீலிங் வேலையை விட்டாயிற்று. நெஞ்சு உயரத்துக்குமேல் பிரஷ் போகாது; கதவும் ஜன்னலும்தான். சலூன்காரர் தினமும் எட்டிப் பார்க்கிறார், கழுத்தில் பட்டை இருக்கிறதா என்று.

நேற்று அறைக்குள் போனவர் கால் மணி நேரம் கழித்து வந்தார். ஐந்து பட்டனும் போட்டிருந்தார். ஓர் ஓட்டை தப்பி, சட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது.

"என்ன அண்ணி அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லே. வேலைக்கு நேரமாச்சு, கிளம்புங்க."